ஒரு ஃபெயிலுக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ்: பள்ளிக்கூடத்துக்கு விலைப்பட்டியல் வந்த கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரே ஒரு அட்டவணையைப் பற்றிப் பேசப் போறோம். ஒரு பக்கத்துக்குள்ள அடங்கிடும். ஒரு பக்கம் ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் நிலைகள், இன்னொரு பக்கம் வாசிப்பு, எழுத்து, கணக்கு. அவ்வளவுதான். 1862-ல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த இந்த அட்டவணை, அடுத்த முப்பது சொச்சம் வருஷத்துக்கு அந்த நாட்டு ஏழைக் குழந்தைகள் என்ன படிக்கணும் என்பதைத் தீர்மானித்தது. கப்பலேறி நம்ம சென்னை மாகாணத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது.

"மூணாம் வகுப்பு முடிக்கிற குழந்தைக்கு இவ்வளவு வாசிக்கத் தெரியணும், இவ்வளவு எழுதத் தெரியணும்" என்று ஒரு அரசாங்கம் இலக்கு வைப்பது இன்னைக்கு நமக்குச் சாதாரண விஷயம். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியா இலக்கு வெச்சு, அந்த இலக்கை நேரடியா பணத்தோட முடிச்சுப் போட்ட பெரிய முயற்சி என்றால், கல்வி வரலாறு எழுதுறவங்க முதலில் கை நீட்டுறது இந்த 1862 அட்டவணையைத்தான்.

முதலில் அட்டவணையை வாசிச்சுடலாம். எழுத்துக்கான கட்டங்களை மட்டும் சொல்றேன்.

நிலை 1: ஆசிரியர் சொல்லச் சொல்ல, பெரிய எழுத்து, சின்ன எழுத்துகளைக் கரும்பலகையிலோ சிலேட்டிலோ எழுதணும். நிலை 2: அச்சில் இருக்கிற ஒரு வரியைப் பார்த்து, கையெழுத்தில் எழுதணும். நிலை 3: இப்பதான் வாசித்த அதே பத்தியிலிருந்து ஒரு வாக்கியம். ஒரு தடவை மெதுவா வாசித்துக் காட்டி, அப்புறம் ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார்கள், எழுதணும். நிலை 4: அதே புத்தகத்திலிருந்து, ஆனால் வாசித்த பத்தியில் இல்லாத ஒரு வாக்கியம், சில சொற்கள் சேர்த்துச் சேர்த்து டிக்டேஷன். நிலை 5: மறுபடியும் பள்ளி வாசிப்புப் புத்தகத்திலிருந்து டிக்டேஷன். நிலை 6: செய்தித்தாளில் வரும் சாதாரணப் பத்தி ஒன்று. அதுவும் டிக்டேஷன்.

கவனிச்சீங்களா? ஆறு நிலையிலும், குழந்தை தன் மனசில் இருப்பதைத் தானாக ஒரு வாக்கியம் எழுதணும் என்று எங்கேயும் இல்லை. எழுத்து என்றால் பார்த்து எழுதுவது, கேட்டு எழுதுவது.

இன்னொரு விஷயம். இந்த ஆறு நிலைகளுக்கும் அவங்க வெச்ச பெயர் 'ஸ்டாண்டர்டு'. நம்ம ஊரில் "பையன் எத்தனாவது ஸ்டாண்டர்டு?" என்று கேட்கிறோமே, அந்தச் சொல் இந்த அட்டவணையிலிருந்து வந்ததுதான். அளவுகோலின் பெயர் அப்படியே வகுப்பின் பெயராகி ஒட்டிக்கொண்டது.

சரி, இது ஏன் வந்தது? அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அரசுப் பள்ளி என்று ஒன்று கிடையாது. ஏழைகளுக்கான பள்ளிகளைப் பெரும்பாலும் சர்ச் அமைப்புகள்தான் நடத்தின. 1833-ல் பாராளுமன்றம் முதல்முறையாக 20,000 பவுண்டு உதவித்தொகை ஒதுக்கியது. அது வளர்ந்து வளர்ந்து 1860-களின் தொடக்கத்தில் 8 லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. கிரிமியப் போர் முடிஞ்சு கஜானா இளைச்சிருந்த நேரம். "இவ்வளவு பணம் போகுதே, பிள்ளைங்க படிக்குதா?" என்ற கேள்வி வராம இருக்குமா?

1858-ல் நியூகாசில் கோமகன் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள். 1861-ல் அறிக்கை வந்தது. பள்ளிக்கு வரும் குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் உருப்படியாகக் கற்றுக்கொண்டு வெளியே போகிறது என்றது அறிக்கை. ஆசிரியர்கள் மேல் வகுப்பில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளை மெருகேற்றுகிறார்கள், கீழே இருக்கும் சின்னக் குழந்தைகளைக் கண்டுகொள்வதில்லை என்றும் சொன்னது.

இங்கே ஒரு நிமிஷம் நிக்கணும். ஏன்னா இந்தக் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டி ஓடி, நேரா வில்லன்கிட்ட போயிடுவாங்க. அந்தப் புகாரில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. இன்ஸ்பெக்டர் வரும்போது முன்வரிசையில் நாலு நல்ல பையன்களை நிறுத்திப் பாட்டுப் பாட வெச்சு அனுப்பிவிடுவது எந்த நாட்டுப் பள்ளிக்கும் புதுசு இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற, பன்னிரண்டு வயசு ஆவதற்குள்ளேயே வேலைக்குப் போகப்போகிற குழந்தையையும் ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ வாசி பார்ப்போம்" என்று கேட்கணும் என்பது மோசமான யோசனை இல்லை. கேட்டதுக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் சிக்கல்.

அப்போது கல்வித்துறையைப் பார்த்துக்கொண்டவர் ராபர்ட் லோ. சுவாரசியமான மனுஷன். பிறவியிலேயே நிறமிக் குறைபாடு, பார்வை ரொம்ப மோசம். வாசிப்பதே சிரமமா இருந்தும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்து மேலே வந்தவர். 1850-களில் இந்திய நிர்வாகத்தைக் கவனித்த கண்ட்ரோல் போர்டில் செயலாளராக இருந்து, சிபாரிசில் ஆள் எடுப்பதை நிறுத்தி, போட்டித் தேர்வு வைத்து இந்திய சிவில் சர்வீஸுக்கு ஆள் எடுக்கலாம் என்று வாதாடியவர்களில் ஒருவர். அதாவது யூபிஎஸ்சிக்குப் படிச்சுக்கிட்டு இருக்கிற நண்பர்களே, உங்க ராத்திரித் தூக்கம் போனதிலும் இவருக்கு ஒரு பங்கு உண்டு. தேர்வு வெச்சா எல்லாம் சரியாகும் என்று மனசார நம்பினவர்.

பாராளுமன்றத்தில் அவர் சொன்ன வாதம் பிரபலம். இந்த ஏற்பாடு மலிவா இல்லைன்னா திறமையா இருக்கும், திறமையா இல்லைன்னா மலிவா இருக்கும் என்ற பொருளில் பேசினார். குழந்தை பாஸ் ஆனா பணம், ஆகலைன்னா அரசுக்கு மிச்சம். கஜானா பக்கத்திலிருந்து பார்த்தால் தோற்கவே முடியாத பந்தயம்.

விலைப்பட்டியலைப் பாருங்க. வருகைக்காக ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு 4 ஷில்லிங். காலை ஒன்று, மதியம் ஒன்று என்று எண்ணி, 200 தடவைக்கு மேல் பள்ளிக்கு வந்த குழந்தை தேர்வில் நிற்கலாம். மூன்று பாடத்திலும் பாஸ் ஆனா இன்னொரு 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனா 2 ஷில்லிங் 8 பென்ஸ் கட். அந்தக் காலத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 8 ஷில்லிங் என்றால் 96 பென்ஸ், அதை மூணா வகுத்தா 32. கணக்கு கச்சிதமா இருக்கு. வாசிப்பு 32 பென்ஸ், எழுத்து 32 பென்ஸ், கணக்கு 32 பென்ஸ். வரலாறு, புவியியல், பாட்டு, ஓவியம் எல்லாத்துக்கும் சேர்த்து விலை: பூஜ்யம்.

அதுக்கு முன்னாடி, பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு அரசே ஒரு தொகையை நேரடியாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போ அது நின்னுபோச்சு. மானியம் பள்ளி நிர்வாகத்தின் கைக்குப் போகும், ஆசிரியர் அவங்ககிட்ட பேசிச் சம்பளம் வாங்கிக்கணும். நிர்வாகம் என்ன செய்யும்? "ரிசல்ட்டில் இத்தனை பங்கு உனக்கு" என்று ஒப்பந்தம் போடும். ஆக, ஏழு வயசுக் குழந்தை டிக்டேஷனில் தப்பு விட்டா, அந்தக் காசு ஆசிரியர் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து போகும்.

இதை நான் முதல்தடவை வாசிச்சப்போ மனசில் வந்தது ஒரே கேள்விதான். தேர்வு நாள் காலையில் அந்த வகுப்பறை எப்படி இருந்திருக்கும்?

அதைத் தெரிஞ்சுக்க வழி இருக்கு. அதே விதிகள், ஹெட்மாஸ்டர் ஒரு 'லாக் புக்' எழுதியே ஆகணும் என்றும் சொல்லியிருந்தன. தினசரிக் குறிப்பேடு. நூற்றுக்கணக்கான பள்ளிகளின் லாக் புக்குகள் இன்னைக்கும் ஆவணக் காப்பகங்களில் இருக்கு. மழை, அம்மை, அறுவடைக்குப் போய்விட்ட பையன்கள், இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தைய வாரப் பதற்றம், எல்லாம் அதில் வரும். இன்ஸ்பெக்டர்களே பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளும் உண்டு. ஃப்ளோரா தாம்சன் என்ற எழுத்தாளர் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் கிராமத்தில் 1880-களில் படித்தவர். 'லார்க் ரைஸ்' புத்தகத்தில் இன்ஸ்பெக்டர் வந்த நாளை எழுதியிருக்கிறார். பாதிரியாரான அந்த இன்ஸ்பெக்டரின் குரலே ஒரு உறுமல் மாதிரி இருக்குமாம்.

வகுப்பறையில் நடந்தது இதுதான். வாசிப்புத் தேர்வு "பள்ளியில் பயன்படுத்தும் புத்தகத்திலிருந்து" என்று விதி சொன்னது. அந்த மூணு சொல்லில்தான் ஓட்டை. ஒரு வருஷம் முழுக்க ஒரே சின்னப் புத்தகத்தை உருப்போட வெச்சா போதும், குழந்தை எந்தப் பக்கத்தையும் 'வாசிக்கும்'. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை தடையில்லாமல் வாசித்தது என்று ஒரு கதை ரொம்ப நாளாகவே சொல்லப்படுகிறது. அது எந்தப் பள்ளி என்று யாரும் சொல்வதில்லை. ஆனா அதை நம்புறது கஷ்டமே இல்லை.

எழுத்திலும் அதே கதை. டிக்டேஷன் வரப்போவது அந்த ஒரு புத்தகத்திலிருந்துதான் என்றால், அதன் சொற்களை எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்யலாம். அர்த்தம் தெரியணும் என்று அவசியம் இல்லை, கைக்குப் பழக்கம் இருந்தா போதும். இதில் எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம், அந்த அதிகாரிகள் ஏன் டிக்டேஷனைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான். ஒரு காலையில் ஒரு இன்ஸ்பெக்டர் ஒரு பள்ளி முழுக்கச் சோதிக்கணும். டிக்டேஷனைத் திருத்துவது சுலபம். தப்பை எண்ணிடலாம். இரண்டு இன்ஸ்பெக்டர் திருத்தினாலும் விடை கிட்டத்தட்ட ஒன்றுதான் வரும். "எங்க வீட்டு மாடு நேத்து கன்னு போட்டுச்சு" என்று ஒரு குழந்தை தானாக எழுதினா அதுக்கு எத்தனை பென்ஸ் கொடுப்பீங்க? எதை எண்ண முடியுமோ அதுதான் எழுத்து என்று ஆகிப்போச்சு.

1870-களின் தொடக்கத்தில் விதிகளைத் திருத்தினப்போதான், ஆறாவது நிலையில் கடிதமோ சின்னக் கட்டுரையோ எழுதணும் என்று சேர்த்தார்கள். ஆனா ஆறாவது நிலை வரைக்கும் பள்ளியில் இருந்த ஏழைக் குழந்தைகள் கொஞ்சம் பேர்தான். மற்றவங்க அதுக்கு முன்னாடியே வயலுக்கோ மில்லுக்கோ போயிட்டாங்க.

இன்னொரு விதி இருந்தது. ஒரு குழந்தையை ஒரே நிலையில் இரண்டு தடவை தேர்வுக்கு நிறுத்தக் கூடாது. போன வருஷம் மூணாவதில் தோத்த பிள்ளையை, இந்த வருஷம் நாலாவதில்தான் நிறுத்தணும். மூணாவதே ஏறலை, நாலாவது எப்படி ஏறும்? கெட்டிக்காரக் குழந்தையின் நிலைமையும் சுகமில்லை. அவள் ஆறு மாசத்திலேயே அந்த வருஷத்துப் புத்தகத்தை முடிச்சுட்டாலும், இரண்டு நிலை தாண்ட வைப்பதால் பள்ளிக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. அவளும் உட்கார்ந்து அதே புத்தகத்தை உருப்போடணும். உடம்பு சரியில்லாத பிள்ளைகளைத் தேர்வு நாளில் தூக்கிட்டு வந்தது பற்றியும் பதிவுகள் இருக்கு. வராத குழந்தைக்குக் காசு வராதே.

இதை அப்போதே பார்த்து எழுதினவர் மேத்யூ ஆர்னால்ட். கவிஞராகத்தான் அவரைப் பலருக்குத் தெரியும். ஆனா 1851-லிருந்து 1886 வரை, முப்பத்தஞ்சு வருஷம், அவர் பார்த்த வேலை பள்ளி இன்ஸ்பெக்டர். 1862-ல், விதிகள் முழுசா அமலாவதற்கு முன்னாடியே, ஃப்ரேசர்ஸ் மேகசினில் பெயர் போடாமல் ஒரு கட்டுரை எழுதித் தன் துறையின் திட்டத்தையே தாக்கினார். சம்பளம் கொடுக்கிற முதலாளியைத் திட்டி எழுதுறதுன்னா சும்மாவா! அவர் வாதத்தைச் சுருக்கமா சொன்னா: குழந்தை நல்லா வாசிக்கப் பழகுவது, அதைச் சுற்றி நல்ல புத்தகமும் பேச்சும் சிந்தனையும் இருக்கிறப்போதான். அதையெல்லாம் கழிச்சுட்டு வாசிக்கிற நுட்பத்தை மட்டும் பிடிச்சா, அந்த நுட்பமும் வராது. 1867-ல் எழுதின அறிக்கையில் இன்னும் வெளிப்படையாகவே சொன்னார். உண்மையில் வாசிக்கவோ எழுதவோ தெரியாத குழந்தைகளை, வாசிப்பு எழுத்துத் தேர்வில் தேற வைக்க முடியும் என்று.

லோவுக்கு என்ன ஆச்சு? 1864-ல் இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளைத் துறை வெட்டி ஒட்டித் தணிக்கை செய்கிறது என்று பாராளுமன்றத்தில் புகார் வெடித்து, அவர் பதவி விலகினார். அடுத்த சில வருஷத்தில் நிதியமைச்சராகத் திரும்பி வந்துட்டார், அது வேற கதை. அவர் போனாலும் திட்டம் போகலை. ஏன்னா, மலிவாகும் என்று சொன்னபடியே ஆகியிருந்தது. 1862-ல் ஏறக்குறைய 8,13,000 பவுண்டாக இருந்த கல்விச் செலவு 1865-ல் ஏறக்குறைய 6,37,000-க்கு இறங்கியது. எந்த நிதித்துறை அதை விடும்?

1870-ல் தொடங்கின ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சங்கம் இருபது வருஷத்துக்கு மேல் இதை எதிர்த்துப் போராடியது. 1890-ல் தனித்தனிக் குழந்தைக்கு விலை போடுவது பெருமளவு நின்றது. மிச்சம் மீதியும் 1897-க்குள் போயிடுச்சு.

இப்போ கப்பலேறி நம்ம பக்கம் வரலாம். ஆனா முதலில், எதிர்த் திசையில் போன ஒரு பழைய கப்பலைப் பார்க்கணும்.

1789-லிருந்து 1796 வரை சென்னை எழும்பூரில் ஆண் அனாதைக் குழந்தைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நடத்தினார். அங்கே பக்கத்தில் இருந்த உள்ளூர்ப் பள்ளியில் குழந்தைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், அழிச்சு அழிச்சு எழுதலாம். அதை எடுத்துக்கிட்டு, பெரிய பிள்ளைகளை வெச்சுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து, 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே அதுக்குப் பெயர். இங்கிலாந்தில் ஏழைக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் எழுத்துப் பழகினது இந்த முறையில்தான். நம்ம மணல் அங்கே போச்சு. அறுபது எழுபது வருஷம் கழிச்சு அவங்க விலைப்பட்டியல் இங்கே வந்தது.

அது வந்து இறங்கின இடம் காலியா இருக்கலை. 1822-ல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்கப் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826-ல் வந்த தொகுப்பின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெருமைப்படுவதற்கு முன்னாடி அடுத்த எண்ணையும் கேட்டுக்கோங்க. அதில் பெண் குழந்தைகள் 4,540. தலித் குழந்தைகளுக்குத் திண்ணை ஏற அனுமதியே கிடையாது. திண்ணைப் பள்ளி ஏதோ பொற்காலம் என்று நான் சொல்ல வரலை.

ஆனா அங்கே இருந்த அளவுகோல் வேற மாதிரி. வகுப்பு என்று கிடையாது. முதலில் மணல், அப்புறம் ஓலை. ஒரு சுவடியை முழுசா மனசில் ஏத்தின பிறகு அடுத்த சுவடி. ஒரே திண்ணையில் ஒரு பையன் அரிச்சுவடியில் இருப்பான், பக்கத்தில் இருக்கிறவன் எண்சுவடியில் முந்திரி, காணி, மா என்று பின்னக் கணக்கில் இருப்பான். வாத்தியாருக்குக் கூலி பெற்றோரிடமிருந்து, கொஞ்சம் காசு, கொஞ்சம் தானியம், பண்டிகைக்குக் கூடுதலா ஏதாவது. ஊருக்கு என்ன தேவையோ, கடிதம், கணக்கு, பத்திரம், அதுதான் பாடம். அங்கேயும் மனப்பாடம்தான், அங்கேயும் அடிதான். பிள்ளை எப்போ தயார் என்பதை மட்டும் தேதி போட்டு யாரும் முடிவு செய்யலை.

1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விக் கொள்கைக்குப் பிறகு இங்கே அரசு மானியம் தொடங்கியது. 1860-களில் சென்னை மாகாணத்தின் மானிய விதிகளுக்குள் இந்த 'ரிசல்ட்ஸ் கிராண்ட்' முறை நுழைந்தது. திண்ணை வாத்தியாரும் மனு போடலாம். அதுக்கு வருகைப் பதிவேடு வேணும், அச்சடித்த புத்தகம் வேணும், இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளை நிலைவாரியா நிறுத்திச் சோதிப்பார். நெல்லுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரிசல்ட்டுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

1882-ல் ஹன்டர் தலைமையில் இந்தியக் கல்விக் கமிஷன் உட்கார்ந்தது. கல்லூரிகளுக்கு ரிசல்ட் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை வேண்டாம் என்றது. ஆரம்பப் பள்ளிகளுக்கு? பெருமளவு ரிசல்ட் அடிப்படையிலேயே கொடுக்கலாம் என்றது! பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு ஆகாத மருந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஆகும் போல. அந்த நேரத்தில் இங்கிலாந்தில் எதிர்ப்பு உச்சத்தில் இருந்தது. அங்கே கைவிட்ட பிறகும் இங்கே தொடர்ந்தது. கர்சன் காலத்து 1904 கல்வித் தீர்மானத்தில்தான் இந்திய அரசு இந்த முறையை விடச் சொன்னது. இங்கிலாந்தின் பழைய சட்டை நமக்கு எப்பவும் கொஞ்சம் லேட்டாத்தான் வரும், லேட்டாத்தான் கழட்டுவோம்.

1911-ல் எட்மண்ட் ஹோம்ஸ் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். 35 வருஷம் இன்ஸ்பெக்டர், ஓய்வு பெறும்போது இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளுக்குத் தலைமை இன்ஸ்பெக்டர். தானே அந்த இயந்திரத்தை ஓட்டினவர். அவர் வாதம் இது: துறை ஆசிரியருக்குப் பதிலாக யோசித்தது. ஒவ்வொரு படியையும் வரையறுத்துக் கொடுத்தது. அப்படிக் கட்டிப்போடப்பட்ட ஆசிரியர், அதையே குழந்தைக்குச் செய்தார். அட்டவணை ரத்தாகி பத்துப் பதினஞ்சு வருஷம் ஆன பிறகும் வகுப்பறைகள் அதே மாதிரி நடந்துகொண்டிருந்தன என்பதுதான் அவருக்கு வலி. பணம் நின்னாலும் பழக்கம் நிக்கலை.

நூறு வருஷம் தாவுறேன். 1997-ல் டோனி பிளேர் அரசு இங்கிலாந்தில் ஒரு இலக்கு வெச்சது. 2002-க்குள் பதினோரு வயசுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் ஆங்கிலத்தில் 'நிலை 4' தொடணும். 1998-லிருந்து தினமும் ஒரு மணி நேரம் மொழிக்கு என்று ஒதுக்கினார்கள். எண்கள் ஏறின. 2000-ல் 75 சதவீதம். 2002-லும் 75. அங்கேயே நின்னுபோச்சு. அந்த 75-ஐப் பிரிச்சுப் பார்த்தா, 2000-ல் வாசிப்பில் 83, எழுத்தில் 55. இரண்டையும் ஒரே எண்ணுக்குள்ள போட்டதில் எழுத்து ஒளிஞ்சுக்கிச்சு. தேர்வு மதிப்பெண்கள் ஏறின அளவுக்கு உண்மையான கற்றல் ஏறலை என்று 2005-ல் அந்த நாட்டுப் புள்ளியியல் ஆணையமே சொன்னது.

இப்போ நம்ம காலம். 2021-ல் ஒன்றிய அரசு 'நிபுண் பாரத்' திட்டத்தைத் தொடங்கியது. 2026-27க்குள் மூணாம் வகுப்பு முடிக்கிற எல்லாக் குழந்தைக்கும் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவு. அதன் இலக்குப் பட்டியலை 1862 அட்டவணைக்குப் பக்கத்தில் வெச்சுப் பார்த்தேன். ஒரு சொல் கண்ணில் பட்டது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை சின்ன வாக்கியங்களை வாசிக்கணும், 'முன்பு பார்க்காத' பாடப்பகுதியிலிருந்து. ஆர்னால்ட் பார்த்த ஓட்டை அடைபட 150 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கு.

இன்னொரு வரி எனக்குக் கொஞ்சம் கவலை தருது. இரண்டாம் வகுப்பில் நிமிஷத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்பில் குறைஞ்சது 60 சொல். எந்த மொழியில் 60? ஆங்கிலத்தில் 'வராதவர்களுக்காகவும்' என்று சொல்ல எத்தனை சொல் வேணும்னு எண்ணிப் பாருங்க. தமிழில் அது ஒரே சொல். ஏழு வயசுக் குழந்தைக்கு அதில் பன்னிரண்டு எழுத்து. 2022-ல் என்சிஇஆர்டி நடத்திய ஆய்வு மொழிவாரியா தனித்தனி அளவுகோல் வகுத்தது என்பது நல்ல செய்தி. ஆனா சுவரில் ஒட்டுற போஸ்டரில் ஏறுவது ஒரே எண்தான்.

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 2025-க்குள் எட்டு வயசுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் அடிப்படை வாசிப்பும் கணக்கும் என்பது இலக்காக இருந்தது. அதில் பிள்ளைகளை வகுப்பை வெச்சு மட்டும் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று அவங்க எங்கே இருக்காங்களோ அங்கேயிருந்து தொடங்கச் சொல்கிறது. மூணாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை தமிழில் அரும்பாக இருக்கலாம். அதுக்கு யாருக்கும் சம்பளம் வெட்டு இல்லை. அந்தப் பிள்ளை அரும்பிலிருந்து மொட்டுக்குப் போயாச்சு என்று முடிவு செய்றப்போ ஆசிரியர் எதைப் பார்க்கிறார், பார்த்து எழுதினதையா, சொல்லச் சொல்ல எழுதினதையா, தானாக எழுதின ஒரு வரியையா? உங்களில் ஆசிரியர்கள் இருந்தா, அல்லது வீட்டில் ஒரு அரும்போ மொட்டோ இருந்தா, அந்தப் பயிற்சி நூலை ஒரு தடவை புரட்டிட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில், ஓலையிலிருந்து சிலேட்டுக்கு மாறின கதை.